காலையில் மட்டும் அழுகிறாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, நாற்பத்துநாலு வயதில் மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தவளிடம், என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள் ஒருத்தி நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

அந்தச் சின்னவளின் பெயர் கீதாஞ்சலி. சென்னையில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஆசிரியர்கள் படிக்கும் எம்.எட். பிரிவில் எங்கள் பேராசிரியை. சனி, ஞாயிறு வகுப்பு. திருவண்ணாமலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டாம் வருஷத்தில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து இருபது பள்ளி நாட்கள் கவனிக்க வேண்டும். பாடம் சொல்லித் தரக்கூடாது, திருத்தக்கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் நேரம் குறித்து எழுத வேண்டும்.

பதினெட்டு நாள் எழுதியதைக் காட்டினேன். 'அடம் பிடித்தாள்' என்று நான் எழுதியிருந்த இடங்களையெல்லாம் சுழித்திருந்தாள். 'கோபப்பட்டாள்' என்பதையும் விடவில்லை. 'பள்ளியை வெறுக்கிறாள்' என்ற வரியில் இரண்டு சுழி.

"அடம் கண்ணுல தெரியாதுங்க மேடம். நீங்க என்ன பாத்தீங்க?" என்றாள்.

"அழுததைப் பாத்தேன். பதினெட்டு நாளும் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க. 'ஆட்டோ சத்தம் கேட்டதும் பையைத் தானே மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.' இதுவும் பதினெட்டு நாள். ஸ்கூல் பிடிக்காத பிள்ளை ஏன் மேடம் ஓடுது?"

பதில் இல்லாத இடத்தில்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. நோட்டை மூடப் போனேன். அவள் இன்னொரு வரியில் விரல் வைத்தாள். 'இடது கையால் இடது கன்னத்தையும் கண்ணையும் மூடிக்கொண்டு கத்தினாள்.' பக்கத்தில் சிவப்பு மையில், 'ஏன் இடது?' காற்று அடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் கவனித்த பிள்ளை உண்ணாமலை. ஒன்பது வயது, பேச்சு வரவில்லை. அவளும் அவள் அம்மா கன்னியம்மாளும் அடி அண்ணாமலை கிராமத்தில் இருக்கிறார்கள். கன்னியம்மாள் வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். எங்கள் பள்ளி செங்கம் சாலையில். தருமன் என்பவருடைய ஆட்டோவில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் உண்ணாமலையும் வருவார்கள். காலையில் கடைக்கு ஆள் வரும் நேரத்தில் கன்னியம்மாள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மகளோடு ஏறுவாள். ஏறாமல் முடியாது. ஆட்டோ கிளம்பி இரண்டு நிமிஷத்தில் உண்ணாமலை கத்த ஆரம்பிப்பாள். தலையை முட்டுவாள், வெளியே பாயப் பார்ப்பாள். அம்மா இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஐந்து கிலோமீட்டர் வருவாள். சில நாள் அடியும் விழும். வகுப்பில் உட்கார்ந்த பிறகும் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். பத்தரை மணிக்குத்தான் அடங்கும். மாலையில் அதே ஆட்டோவில் அம்மா இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல் வீட்டுக்குப் போவாள்.

இதையெல்லாம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கையில் கடிகாரமும் நோட்டுமாக எழுதினேன். காலையில் ஸ்கூட்டரை அவர்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறுவேன், மாலையில் அதே ஆட்டோவில் திரும்பி வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வேன். பள்ளிக்குப் போகும்போது அழுகை, வீட்டுக்கு வரும்போது அமைதி. பள்ளி பிடிக்கவில்லை. இதற்கு எம்.எட். படிக்கவே வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில்தான் ஒரு கடிதமும் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு விடுதியில் உண்ணாமலைக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். 'இந்தப் பிள்ளையால் பகல் பள்ளிக்கு வந்துபோக இயலாது' என்று சிறப்பு ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணி பஸ்ஸுக்குக் கன்னியம்மாள் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் மூன்று வருஷம் தினமும் காலையில் பெற்ற மகளோடு மல்லுக்கட்டி, அவள் ஒரேயடியாக ஓய்ந்துபோயிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை கடிதத்தைக் கொடுக்கத்தான் போனேன். கொடுப்பதற்கு முன்னால், கீதாஞ்சலி சுழித்த இடத்தில் எதையாவது எழுதி வாயை அடைக்கலாமே என்று ஒரு கேள்வி கேட்டேன்.

"கன்னியம்மா, ஸ்கூலுக்குப் போறப்போ மட்டும்தான் அழுவாளா? வேற எங்கயாவது போனா?"

"கீழ்பென்னாத்தூர் எங்க அம்மா ஊட்டுக்குப் போவோம் டீச்சர். போறப்போ கம்முனு வருவா. திரும்பி வர்றப்போதான் ஒரே ரகள. பஸ்ஸ உட்டே எறக்கி உட்டுட்டாங்க ரெண்டு தபா. அந்த ஊருதான் அவளுக்குப் புடிச்சிருக்கு போல, வர மனசில்ல."

"திரும்பி வர்றப்போன்னா, கீழ்பென்னாத்தூர்லருந்தே அழுவாளா?"

"இல்ல டீச்சர். டவுன் வரைக்கும் நல்லாத்தான் வருவா. டவுன தாண்டி எங்க ஊருக்கு வர்ற காஞ்சி ரோட்டுப் பக்கம் பஸ் திரும்புச்சுன்னா போச்சு."

கைப்பையில் இருந்த கடிதத்தை எடுத்து அதன் பின்பக்கத்தில் நடுவில் மலையை ஒரு வட்டமாகப் போட்டேன். மேற்கே அடி அண்ணாமலை, தெற்கே பள்ளி, கிழக்கே டவுன். அடி அண்ணாமலையிலிருந்து பள்ளிக்கு ஓர் அம்புக்குறி: அழுகை. பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒன்று: அமைதி. வீட்டிலிருந்து வடக்கே சுற்றி டவுனுக்கு ஒன்று: அமைதி. டவுனிலிருந்து அதே வழியாக வீட்டுக்கு ஒன்று: அழுகை. என் கை நின்றுவிட்டது. அமைதியான அம்புகள் எல்லாம் கிரிவலம் போகும் திசையில் இருந்தன. அழுகிற அம்புகள் எல்லாம் எதிர்த்திசையில்.

நான் குருக்கள் வீட்டுப் பெண். குருக்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் நடக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். லட்சக்கணக்கான ஜனம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருகிறதே, ஒருத்தராவது எதிர்த்திசையில் நடப்பார்களா? ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும், நான் உட்பட, வண்டியில் உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம். உண்ணாமலை மறக்கவில்லை. மலை இடப்பக்கம் வந்த ஒவ்வொரு காலையும், அதைப் பார்க்கப் பொறுக்காமல் இடது கண்ணை மூடிக்கொண்டு ஊரைக் கூட்டியிருக்கிறாள். கடிதத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். அவர் அண்ணாமலையார் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்யும் முறைக்காரர்.

"ஏன்னா, வண்டில எதிர்ப்பக்கமா போனா தோஷமா?"

"வண்டில போறது வலம் வர்றதாகுமா மங்களா? அது போக்குவரத்து."

"அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக் குடுத்தா, இது வலம், இது போக்குவரத்துன்னு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, தருமன் மற்ற இரண்டு பிள்ளைகளையும் தன் மச்சான் வண்டியில் அனுப்பிவிட்டு எங்களுக்காக வந்தார். விஷயத்தைச் சொன்னபோது, "இன்னா டீச்சர், ஆட்டோவுல கிரிவலமா?" என்று சிரித்தார். நானும் அன்று பின்சீட்டில் உண்ணாமலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மறுபக்கம் கன்னியம்மாள், வழக்கம்போல அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. தருமன் வண்டியை வடக்கே திருப்பினார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று. உண்ணாமலை வாய் திறக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் அம்மாவின் பிடியிலிருந்து வலது கையை மெல்ல உருவி மலைப் பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் தாண்டியது, ஈசான்ய லிங்கம் தாண்டியது. டவுனில் லாரி ஹாரன், கோயில் வாசல் கூட்டம், பூக்காரர்களின் கூச்சல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சத்தம் ஆகாது என்று எத்தனை பக்கம் படித்திருக்கிறேன். அவள் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. வீடுகள் மறைத்த இடத்திலும் மலை எங்கே இருக்குமோ அங்கேயே அவள் கை நீண்டிருந்தது. செங்கம் சாலையில் மரங்களுக்கு மேலே மலை மறுபடி தெரிந்தபோது அது சரியாக அவள் உள்ளங்கைக்கு நேரே இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த மலையடியில்தான் இருக்கிறேன். அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

பள்ளி வாசலில் தானே இறங்கி, பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். மணி ஒன்பது பத்து.

கன்னியம்மாள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சந்தோஷமாக ஏதோ சொல்லப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"அவளுக்குப் பேச்சு வரணும்னு வேண்டிக்கினேன் டீச்சர். நாலு வயசுலருந்து நாப்பத்தெட்டு பௌர்ணமி. இடுப்புல தூக்கிக்கினு சுத்தினேன், அப்புறம் நடக்க வச்சி சுத்தினேன். இந்தா பாருடி, மலை சோத்துக்கை பக்கம், சோத்துக்கை பக்கம்னு காதுல சொல்லிக்கினே வருவேன். அது காதுல ஏறவே இல்லன்னு நெனச்சேன்." கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள். "நானே சொல்லிக் குடுத்துட்டு, நானே அடிச்சேனே டீச்சர். மூணு வருஷமா."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் அழுதோம். வருகிற பெற்றோர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

தருமன்தான் பேச்சைத் திருப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். இன்னிக்கி ஒரு நாளு சரி. அந்தப் பக்கம் ஒம்பது கிலோமீட்டர். மத்த ரெண்டு பசங்களயும் ஏத்திக்கினு தெனம் ஊரச் சுத்திக்கினு வர முடியாது. அவங்க ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம பழைய வழியிலதான வரணும். இனிமே அவ அழுதா என்னால தாங்க முடியாது டீச்சர். எதுக்கு அழுவுறான்னு தெரிஞ்சிக்கினு எப்டி புடிச்சி உக்கார வைப்பேன்? லெட்டரக் குடுத்துருங்க. அங்கயாவது மல இல்லாத ஊர்ல நிம்மதியா இருக்கட்டும்."

"திங்கட்கிழமை நான் வரேன். அன்னிக்கு அவ அழுதா, அங்கயே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றேன். ஏன் அப்படி ஒரு வாக்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கையில் ஒரு யோசனையும் இல்லை.

சனிக்கிழமை வகுப்பில் கீதாஞ்சலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் நடத்துன பாடத்துல இது எதுவுமே இல்லைங்க மேடம்" என்றாள். அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. இரண்டு பேரும் மதியம் சாப்பிடாமல் யோசித்தோம். கடைசியில், மலை தெரியாமல் ஆட்டோவின் இடப்பக்கம் கறுப்புத் துணி கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு படித்தவர்கள் சேர்ந்து போட்ட திட்டம்.

திங்கட்கிழமை கன்னியம்மாள் வீட்டு வாசலில் பள்ளிப் பையும் இருந்தது, துணி அடுக்கிய பெரிய பையும் இருந்தது. ஆட்டோ வந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளும் பின்சீட்டில் இருந்தார்கள். நான் இடப்பக்கம் துணியைக் கட்டினேன். உண்ணாமலை ஏறி, துணியைப் பார்த்தாள். ஒரே இழுப்பு. துணி என் காலடியில் கிடந்தது.

பள்ளி ஆட்டோக்களில் ஓட்டுநருக்குப் பின்னால், பின்சீட்டைப் பார்த்தபடி ஒரு பலகை போட்டிருப்பார்கள். நான் வழக்கம்போல அதில் உட்கார்ந்துகொண்டேன். கன்னியம்மாள் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தருமன் வண்டியைத் தெற்கே எடுத்தார். உண்ணாமலையின் இடது கை கன்னத்துக்கு ஏறியது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கன்னியம்மாளின் இரண்டு கையும் பழக்கத்தில் மகளைப் பிடிக்கப் போயின. பாதியில் நிறுத்தி மடியில் கோத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஆட்டோவில் உண்ணாமலையை யாரும் பிடிக்கவில்லை.

"வண்டிய நிறுத்துங்கண்ணே" என்று கத்தினேன், அவள் வெளியே பாய்ந்துவிடுவாள் என்று பயந்து. வண்டி நின்றது. உண்ணாமலை எழுந்தாள். வெளியே பாயவில்லை. நேரே என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் இழுத்தாள். எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். முதுகு ஓட்டுநர் பக்கம், முகம் பின்பக்கம். அவளுக்கு வலப்பக்கம் மலை.

நான் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் மலை. அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு காலைகள் நான் அந்தப் பலகையில் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்து, எதிரே அழுத பிள்ளையைப் பற்றி 'அடம்' என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு இருந்தது.

"போலாமா?" என்றார் தருமன். அவர் கிளப்பினார். ஐந்து கிலோமீட்டரும் உண்ணாமலையின் வலது உள்ளங்கை மலையைப் பார்த்து விரிந்திருந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளும் மூச்சுக்கூட விடாமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பள்ளி வாசலில் கன்னியம்மாள் என்னிடம் கடிதம் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாலையில் ஆட்டோவில் நான் முதலில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். உண்ணாமலை ஏறாமல் கீழேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் என்னை இழுக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் போகும் திசையில் பின்சீட்டுக்குத்தான் மலை வலப்பக்கம். எழுந்து பலகைக்குப் போனேன். அவள் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

அடி அண்ணாமலையில் கன்னியம்மாள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். துணிப் பை அங்கே இல்லை. உண்ணாமலை இறங்கினாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள். தோளிலிருந்து பள்ளிப் பையைக் கழற்றி, பலகையில் காலையில் தான் உட்கார்ந்த இடத்தில் வைத்தாள். பை சரியாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

"ஏ பாப்பா, பைய உட்டுட்டுப் போற" என்று தருமன் கூப்பிட்டார்.

கன்னியம்மாள் பலகையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

"நாளைக்கு எடம் புடிச்சி வச்சிருக்காண்ணே. டிபன் டப்பாவ மட்டும் எடுத்துக் குடுங்க, கழுவணும். பை அங்கயே இருக்கட்டும்."